கேரல் குழு கடந்து போன வீடு: கிறிஸ்துமஸும் சபை ஐக்கியமும்

பனையோரம் (இழையைத் தொடங்கியவர்) – டிசம்பர் 26

அனைவருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில் பிறந்தவன் நான். பதினெட்டு ஆண்டுகளாகப் பெங்களூருவில் வேலை பார்க்கிறேன். இந்த முறை பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்தபோது கண்ட ஒன்றை உங்களிடம் சொல்லி, உங்கள் எண்ணங்களையும் கேட்க விரும்புகிறேன்.

அப்பா இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. எழுபத்துநான்கு வயதாகும் அம்மா தனியாகத்தான் இருக்கிறார்கள். எங்கள் வீடு ஓடையைத் தாண்டித் தெருவின் கடைசியில் இருக்கிறது. 22-ஆம் தேதி இரவு வீடு வீடாகப் போய்க் கிறிஸ்து பிறப்புப் பாடல்களைப் பாடும் கேரல் குழு எங்கள் தெருவுக்கு வரும் என்று ஆலயத்தில் அறிவித்திருந்தார்கள். அம்மா மாலையிலேயே வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, திண்ணையில் இரண்டு பாய்களை விரித்துப் போட்டார்கள். காணிக்கையை உறையிலிட்டு, மறந்துவிடக் கூடாதென்று வேதப்புத்தகத்துக்குள் வைத்தார்கள். முப்பது பேருக்காவது வேண்டியிருக்கும் என்று பெரிய பாத்திரத்தில் கருப்பட்டி தட்டிப் போட்டுச் சுக்குக் காப்பி வைத்தார்கள். முறுக்கும் முந்திரிக்கொத்தும் தகர டப்பாவில் தயாராக இருந்தன.

பத்தரை மணிக்கு ஓடைக்கு அந்தப் பக்கம் டோலக் சத்தம் கேட்டது. அம்மா எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு வாசல் விளக்கைப் போட்டார்கள். நான்கு வீடுகளுக்கு முன்னால் பாட்டு முடிந்தது. பிறகு வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. அது எங்கள் பக்கம் வராமல், அப்படியே பெரிய சாலைப் பக்கம் போய் மறைந்தது. திரும்பி வருவார்கள் என்று அம்மா பன்னிரண்டரை மணிவரை திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த நாள் காலையில் அந்தக் காப்பியை முருங்கை மூட்டில் ஊற்றிக்கொண்டிருந்தபோது, “பிள்ளைகளுக்கு நேரமாகியிருக்கும்” என்று மட்டும் சொன்னார்கள்.

பிறகு விசாரித்தபோதுதான் காரணம் தெரிந்தது. சபைக்குச் சந்தாபோலச் செலுத்தும் சங்கக் காணிக்கையைக் கட்டிய குடும்பங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு குழு போயிருக்கிறது. எங்கள் குடும்பம் அப்பாவின் பெயரில் இருந்தது. அப்பா இறந்ததும் அந்தப் பெயரை அடித்துவிட்டார்கள். பெயரோடு வீடும் பட்டியலிலிருந்து போய்விட்டது. ஒருவரும் வேண்டுமென்று செய்யவில்லை. அதனால்தான் எனக்கு அது இன்னும் அதிகமாக வலிக்கிறது.

சத்திரத்தில் இடமில்லாமல் தீவனத் தொட்டியான முன்னணையில் கிடத்தப்பட்ட ஒரு பிள்ளையைப் பற்றிப் பாடிக்கொண்டு போகிறவர்கள், தங்களுக்காக விளக்குப் போட்டுக் காத்திருக்கும் ஒரு வீட்டைத் தெரியாமலே கடந்து போக முடிகிறது என்றால், சபை ஐக்கியம் என்று நாம் சொல்வது எதை? உங்கள் சபைகளில் இது எப்படி இருக்கிறது?

இரண்டாம் குரல் – டிசம்பர் 26

அண்ணன், உங்கள் பதிவை வாசித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுத முடியாமல் இருந்தேன். நான் பாளையங்கோட்டைப் பக்கத்தில் ஒரு சேகரத்தில் (ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபைப் பகுதியில்) பன்னிரண்டு ஆண்டுகளாகக் கேரல் குழுவை நடத்தி வருகிறவன். எங்கள் பக்கத்து நிலையைச் சொல்கிறேன். சாக்குப்போக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்களுக்கு 160 வீடுகள் இருக்கின்றன. வீட்டுக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தாலும், நடக்கும் நேரத்தைச் சேர்க்காமலே பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. பாடுகிறவர்களில் பாதிப் பேர் பள்ளிப் பிள்ளைகள். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் மூன்று, நான்கு இரவுகள்தான் எங்கள் கையில் இருக்கும். ஒவ்வொரு வீட்டிலும் உட்காரச் சொல்வார்கள். உட்கார்ந்தால் அடுத்த வீட்டார் தூங்கிவிடுவார்கள். ஆகையால் பட்டியல் இல்லாமல் முடியாது என்பது உண்மை.

ஆனால் நான் சிறுவனாக இருந்தபோது பெட்ரோமாக்ஸ் விளக்கை ஒருவர் தலையில் சுமந்து முன்னால் போக, நாங்கள் பின்னால் நடந்தே போவோம். நடந்து போகிறவர்களுக்குப் பட்டியல் தேவைப்படவில்லை. வெளிச்சம் இருந்த வீட்டுக்கெல்லாம் போனோம். வேன் வந்த பிறகு ஆலயத்துக்குத் தெரிந்த வீடுகள் மட்டுமே எங்களுக்கும் தெரிகின்றன. உங்கள் தாயாரைப் போல எங்கள் சேகரத்தில் யார் யார் காத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. இன்று இரவு அதுதான் என்னை வருத்துகிறது.

எபநேசர் தெரு வாத்தியார் – டிசம்பர் 27

தம்பி பனையோரத்துக்கு என் அன்பு. தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால், நீங்கள் கேட்ட ‘ஐக்கியம்’ என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகளின் இரண்டாம் அதிகாரத்தில், ஆதிச்சபையார் உறுதியாய்த் தரித்திருந்த காரியங்கள் நான்கு சொல்லப்படுகின்றன: உபதேசம், அந்நியோந்நியம், அப்பம் பிட்குதல், ஜெபம். இங்கே ‘அந்நியோந்நியம்’ என்று நம் பழைய மொழிபெயர்ப்பில் வருகிற அதே கிரேக்கச் சொல், கொய்னோனியா, யோவானின் முதல் நிருபத்தில் ‘ஐக்கியம்’ என்று வருகிறது. மூலத்தில் ஒரே சொல். ஆனால் தமிழில் இந்த இரண்டும் வெவ்வேறு வழியில் போய்விட்டன. வாலிபர் ஐக்கியம், பெண்கள் ஐக்கியம் என்று ஐக்கியத்தை அமைப்புகளின் பெயராக்கினோம். அவற்றுக்குத் தலைவரும் செயலரும் பொருளரும் உண்டு. அவை செய்த நற்பணிகளை நான் அறிவேன், குறைத்துப் பேசமாட்டேன். அந்நியோந்நியத்தையோ கணவன் மனைவியின் நெருக்கத்தைச் சொல்வதற்கு என்று ஒதுக்கிவிட்டோம். ஒருவருக்கொருவர் என்பதுதான் அந்தச் சொல்லின் நேர்ப்பொருள். சபை என்றதும் அது நம் நினைவுக்கு வராமல் போனது மொழியில் மட்டும் நேர்ந்த இழப்பு என்று எனக்குத் தோன்றவில்லை.

நம் மண்ணிலிருந்து ஒரு சாட்சியைச் சொல்கிறேன். வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த அசரியா, 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1912-இல் தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல்லின் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே. 1910-இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில், மேற்கத்திய மிஷனெரிமார் நிறைந்திருந்த அவையில் எழுந்து, நீங்கள் ஏழைகளைப் போஷிக்க உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரங்களையும் கொடுத்தீர்கள், நாங்களோ அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்ற கருத்தில் பேசினார். பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் அச்சுக்கூடமும் தந்தவர்களைப் பார்த்து அவர் கேட்டது இன்னொரு கட்டடத்தை அன்று. சமமாக உட்கார்ந்து பேசும் ஒருவரைக் கேட்டார். உங்கள் தாயார் பாயை விரித்து வைத்துக் காத்திருந்ததும் அதற்காகவே என்று நினைக்கிறேன்.

கூடுகை வாசகர் – டிசம்பர் 27

ஸ்தோத்திரம். மாறுபட்ட ஒரு கருத்தைத் தாழ்மையோடு வைக்கிறேன். எங்கள் சபையில் டிசம்பர் 25-ஐ ஆசரிப்பதில்லை. சுவிசேஷங்களில் பிறந்த தேதி சொல்லப்படவில்லை. 354-இல் தொகுக்கப்பட்ட ஒரு ரோமாபுரி நாட்குறிப்பின் வழியாகவே, 336 அளவில் அந்நகரில் 25-ஆம் தேதி வழங்கியது தெரிய வருகிறது. அர்மேனியச் சபையார் இன்றும் ஜனவரி 6-ஆம் தேதியையே கொண்டாடுகிறார்கள். நாங்கள் கர்த்தருடைய நாளாகிய ஞாயிறுதோறும் அப்பம் பிட்கக் கூடுகிறோம். ஆண்டுக்கு ஒரு முறை வரும் பண்டிகையில் அன்பை மொத்தமாகச் செலுத்திவிட்டு, மற்ற நாட்களில் வீடுகளை மறந்துவிடுகிற ஆபத்து அதனால் குறைகிறது என்று நம்புகிறோம். பனையோரம் சகோதரர் சொன்ன குறை கேரலின் குறையா, பண்டிகையின் குறையா என்று யோசிக்கலாம்.

பனையோரம் – டிசம்பர் 27

சகோதரரே, தேதியைக் குறித்து உங்களோடு எனக்கு வாதம் இல்லை. ஆனால் அம்மாவுக்கு அந்த ஒரு இரவு எவ்வளவு பெரியது என்பதைக் கண்ணால் பார்த்தேன். ஞாயிறுதோறும் அம்மா ஆலயத்துக்குப் போகிறார்கள்; அங்கே அவர்கள் மற்றவர்களைத் தேடிப் போகிறவர்கள். ஆண்டுக்கு ஒரு முறைதான் சபை அவர்களைத் தேடி வீட்டுக்கு வருகிறது. தேவன் மனிதரைத் தேடி வந்தார் என்று கிறிஸ்துமஸைக் குறித்துச் சிறு வயதிலிருந்து கேட்ட அத்தனை பிரசங்கங்களும் எனக்கு விளங்கியது, வாசலில் வந்து நின்று பாடியவர்களைப் பார்த்துத்தான்.

மேலத்தெரு மகள் – டிசம்பர் 28

நான் எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாட்களாக யோசித்தேன். ஐயா, அண்ணன்மாரே, உங்கள் வீட்டை ஒரு முறை கடந்து போனார்கள். என் தாயின் ஊரில் கேரல் குழு எங்கள் தெருவின் முனைவரை வந்து, அங்கேயே ஒரு பாட்டைப் பாடிவிட்டுத் திரும்பிவிடும். நேரமாகிவிட்டது என்றுதான் ஒவ்வோர் ஆண்டும் சொன்னார்கள். பாட்டி சாகும்வரை, ஒரே ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்று, ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுத்தவர்கள், எங்கள் வீட்டுத் தண்ணீரை வாங்கிக் குடித்து நாங்கள் பார்த்ததில்லை. இப்போது எங்கள் தெருப் பிள்ளைகளே தனியாக ஒரு குழு வைத்துக்கொண்டு பாடுகிறார்கள், நன்றாகப் பாடுகிறார்கள். ஆனால் அது தீர்வு என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. இந்த இழையில் இதைச் சொல்லாமல் விட்டால், ஐக்கியம் என்று நாம் பேசுவதெல்லாம் ஒரு தெருவுக்குள் முடிந்துவிடும்.

எபநேசர் தெரு வாத்தியார் – டிசம்பர் 28

மகளே, நீங்கள் எழுதியது நல்லது. இதை நாம் மூடி வைத்ததால்தான் இத்தனை காலம் நீடித்தது.

1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமைக்கு இடமில்லை, அதை உடனே விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூர்ச் சபையில் பெரிய எதிர்ப்பு எழுந்தது. ஆலயத்தில் யார் எங்கே உட்காருவது, திருவிருந்துக்கு யார் முன், யார் பின் என்பவையே அன்றைய கேள்விகள். இன்றும் நாம் கண்ணீரோடு பாடும் கீர்த்தனைகளைத் தந்த வேதநாயகம் சாஸ்திரியார் அந்த வேளையில் பழைய வழக்கத்தின் பக்கம் நின்றார். அவர் பாடல்களைப் பிள்ளைகளுக்கு நாற்பது ஆண்டுகள் சொல்லிக் கொடுத்தவன் நான். அந்தப் பாடல்களின் மேல் உள்ள அன்பு குறையாமலே இதையும் சொல்கிறேன். இவ்வளவு காலத்துக்குப் பிறகும் உங்கள் தெருமுனையில் பாட்டு நின்றுவிடுகிறதென்றால், அதற்கு நேரமின்மையைக் காரணம் சொல்வது உண்மையாகாது. என் ஊரிலும் இப்படி ஒரு தெரு இருந்தது. நான் ஆலயக் குழுவில் இருந்த ஆறு ஆண்டுகளில் இதை ஒரு முறைகூடக் கேள்வியாக எழுப்பவில்லை. அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

கடலோரத்துக்காரி – டிசம்பர் 28

நான் கத்தோலிக்கப் பெண். கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு மீனவ ஊர். எங்களிடம் சங்கக் காணிக்கைப் பட்டியல் இல்லை, அன்பியம் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் இருபது, முப்பது குடும்பங்கள் சேர்ந்து ஒவ்வொரு வீடாகக் கூடிச் செபிக்கும் குழு அது. ஆயினும் அது எதற்கு என்பது எங்களுக்கு 2004-இல்தான் தெரிந்தது.

அந்த ஆண்டு டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் பண்டிகை என்பதால் வீட்டில் பலகாரம் அப்படியே இருந்தது, கோயில் வாசலில் கிறிஸ்து பிறப்புக் குடில் இருந்தது, நட்சத்திரங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. காலையில் ஆழிப்பேரலை வந்தது. மணக்குடியில் பாலமே உடைந்து போனது. எங்கள் கரையில் எத்தனை வீடுகள் நின்றன என்று விரல்விட்டு எண்ணலாம். உள்ளூர்ப் பக்கத்து இந்து ஊர்களிலிருந்தும் முஸ்லிம் தெருக்களிலிருந்தும் சோற்றுப் பொட்டலங்களைக் கொண்டுவந்தவர்கள் எங்கள் பெயரைக் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் படுத்திருந்தபோது, எனக்குத் தெரியாத ஒரு அம்மா என் தங்கையின் தலையில் எண்ணெய் தடவிச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டார்கள். நான்கு நாட்களாக உப்பும் மணலுமாக இருந்த தலை. அதை நான் மறப்பதற்கில்லை.

அடுத்த கிறிஸ்துமஸ் வந்தபோது ஊரில் ஒருவரும் நட்சத்திரம் கட்டவில்லை. குடில் வைக்கலாமா என்றுகூடப் பேச்சு வந்தது. அன்பியத்தில் இருந்த பெண்கள் ஒரு முடிவு எடுத்தோம்: இழப்பு நேர்ந்த ஒவ்வொரு வீட்டுக்கும் போவது, பாடாமல் போவது. போய் உட்கார்ந்தோம். சில வீடுகளில் அழுதார்கள். சில வீடுகளில் மீன் விலையைப் பேசினார்கள். ஒரு வீட்டில் இறந்துபோன பிள்ளையின் புதுச் சட்டையை எடுத்துக் காட்டினார்கள், விலைச்சீட்டு இன்னும் அதிலேயே இருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ பெருவிழாத் திருப்பலிகளில் பங்கெடுத்திருக்கிறேன். கிறிஸ்து பிறப்பு என்றால் என் மனம் முதலில் போய் நிற்பது அந்த வீட்டில்தான்.

பனையோரம் அண்ணாச்சி, உங்கள் அம்மாவின் வீட்டுக்குப் பாட்டோடுதான் வர வேண்டும் என்பதில்லை. இப்போதும் போகலாம்.

கிழக்குத் தாம்பரம் – டிசம்பர் 29

சென்னையில் நாங்கள் போகும் ஆலயத்தில் கிறிஸ்துமஸ் அன்று இரண்டாயிரம் பேருக்கு மேல் கூடுகிறோம். ஆராதனை முடிந்ததும் கேக் துண்டும் தேநீரும் தருவார்கள். ஒன்பது ஆண்டுகளாக ஏறக்குறைய ஒரே பெஞ்சில் உட்காரும் ஒரு அம்மாவின் பெயர் எனக்குத் தெரியாது என்பதை இந்த இழையை வாசித்தபோதுதான் உணர்ந்தேன்.

அப்போது எனக்குச் சாயர்புரம் பக்கத்தில் என் பாட்டி ஊரின் அசனம் நினைவுக்கு வந்தது. வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையில் சபையார் எல்லாரும் சேர்ந்து சமைத்து, சேர்ந்து உண்ணும் விருந்து அது. முதல் நாள் இரவே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார்கள். கண்ணெரிச்சலோடு கீர்த்தனையும் நடக்கும். வடித்த சோற்றை ஓலைப்பாயில் மலைபோலக் கொட்டுவார்கள். ஆட்டுக்கறிக் குழம்பை வாளியில் மொண்டு ஓடுவார்கள். தட்டு கிடையாது, பனையோலைப் பட்டையில்தான் சாப்பாடு. சூடான குழம்பு பட்டதும் அந்த ஓலையிலிருந்து ஒரு வாசனை எழும். அதை வேறு எங்கும் நான் முகர்ந்ததில்லை.

அசனத்துக்கு ஆள் கணக்குக் கிடையாது. சங்கம் கட்டியவரா என்று பந்தியில் யாரும் கேட்பதில்லை; வேற்று மதத்தாரும் வந்து உட்காருவார்கள். இதைவிட முக்கியமான ஒன்று: நடக்க முடியாதவர்களுக்கும் படுக்கையில் இருப்பவர்களுக்கும் பந்தி தொடங்கும் முன்னே தூக்குவாளிகளில் சோறும் குழம்பும் போய்விடும். சின்னப் பையன்களிடம் கொடுத்தனுப்புவார்கள். எந்தெந்த வீடு என்று எழுதிய தாள் எதுவும் இருந்ததாக நினைவில்லை; பாட்டி வயதுப் பெண்கள் இருவர் அடுப்படியில் நின்றபடியே ஒவ்வொரு வீடாகச் சொல்வார்கள். அவர்கள் வாயிலிருந்து ஒரு வீடும் தவறாது.

மேலத்தெரு சகோதரியின் கேள்வி அசனத்துக்கும் உண்டு என்பதை அறிவேன். பாட்டி ஊரில் எல்லாத் தெருவுக்கும் வாளி போனதா என்று என் அம்மாவிடம் நேற்றுக் கேட்டேன். அம்மா சற்று யோசித்துவிட்டு, “வந்து வாங்கிக்கொள்வார்கள்” என்றார்கள். சில வீடுகளுக்கு வாளி போனது. சில வீட்டார் வந்து வாங்கிக்கொண்டார்கள். இத்தனை நாளும் அது எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

பனையோரம் – டிசம்பர் 31

எழுதிய ஒவ்வொருவருக்கும் நன்றி. வாத்தியார் ஐயாவின் பதிவையும் கடலோரத்து அக்காவின் பதிவையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தலையைப் பின்னிவிட்ட அந்த அம்மாவைப் பற்றிய வரியை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்கள்.

என் பக்கத்துத் தவறை நான் இதுவரை எழுதவில்லை. அப்பா இறந்த பிறகு பெங்களூருச் சபையில் என் காணிக்கையைத் தவறாமல் கட்டினேன். ஊர்ச் சபையில் அம்மாவின் பெயர் எங்கே இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்கவில்லை. பட்டியல் எழுதியவரைக் குறை சொல்லும் முன் நான் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

நேற்றுக் காலை அம்மாவோடு ஆலய அலுவலகத்துக்குப் போனேன். பதிவேட்டில் ‘குடும்பத் தலைவர்’ என்ற கட்டத்தில் என் பெயரை எழுதப் போனார்கள். அம்மாவின் பெயரை எழுதும்படி கேட்டுக்கொண்டேன். ஏட்டைத் தன் பக்கம் திருப்பி, அந்த வரியை அம்மா விரலால் தொட்டுப் பார்த்தார்கள். திரும்பி வரும் வழியில், “அப்படியானால் இன்னும் மூன்று வீடுகள் இருக்கின்றன” என்று சொன்னார்கள். மூன்றும் கணவனை இழந்தவர்களின் வீடுகள். மூன்றின் பெயரும் இப்படித்தான் விட்டுப்போயிருக்கும் என்பது அம்மாவின் எண்ணம். மாலையில் முறுக்கு டப்பாவை எடுத்துக்கொண்டு அந்த வீடுகளுக்குப் போனோம். முதல் இரண்டு வீடுகளிலும் உட்கார்ந்து பேசிவிட்டு வர எட்டு மணியாகிவிட்டது. மூன்றாவது வீடு பூட்டிக் கிடந்தது; திசையன்விளையில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார்களாம். பங்கைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தோம். அந்த மூன்றில் ஒரு வீடு, நான் படித்த காலத்தில் எங்கள் கேரல் குழுவும் போகாத தெருவில் இருக்கிறது. அம்மா அந்த வீட்டில் காப்பி வாங்கிக் குடித்தார்கள்; நானும் குடித்தேன். என் ஐம்பது வயதில் அந்தத் தெருவுக்குள் அதுவே முதல் முறை.

இன்று இரவு, ஆண்டு முடிவில் நடக்கும் உடன்படிக்கை ஆராதனைக்குப் போகிறோம். நாளை மறுநாள் நான் பெங்களூரு திரும்ப வேண்டும்.

இரண்டாம் குரல் – ஜனவரி 6

அண்ணன், ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு எங்கள் சேகரத்தின் பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஐந்து ஆண்டுகளில் பதினொரு வீடுகள் விட்டுப்போயிருக்கின்றன. இரண்டு குடும்பங்கள் ஊரை விட்டுப் போய்விட்டன. ஒன்பது வீடுகளில் ஆட்கள் இருக்கிறார்கள். இவை தவிர, எந்தப் பட்டியலிலும் எப்போதும் இல்லாத ஒரு தெரு இருக்கிறது. அதைப் பற்றிக் குழுவில் பேசினேன். இரண்டு பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அனுப்புவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். மற்றவர்கள் வருகிறார்கள்.

கிறிஸ்துமஸ் முடிந்துவிட்டதே, இப்போது எந்தப் பாட்டைப் பாடுவது என்று ஒரு சிறுமி கேட்டாள். கடலோரத்து அக்கா எழுதியதை அவளுக்குச் சொன்னேன். வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு நடந்தே கிளம்புகிறோம்; வேனுக்குச் சொல்லவில்லை. முதல் வீட்டம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காதாம், கதவைப் பலமாகத் தட்ட வேண்டும் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள்.